பிரவுசரைத் திறந்தாலே லேப்டாப் கொதிக்கிறதா? டெல்லி வெயிலில் வாழ்பவர்களுக்கு ஒரு முழுமையான வழிகாட்டி

டெல்லியில் மே, ஜூன் மாதங்களில் வெயில் 45 டிகிரியைத் தொடுவது புதிதல்ல. மொட்டைமாடிக்கு நேர் கீழே உள்ள அறைகளில் இரவு பத்து மணிக்கும் சுவர் சுடும். ஆப்பிள் நிறுவனம் தன் மேக்புக்குகளுக்குச் சொல்லும் சூழல் வெப்பம் 10 முதல் 35 டிகிரி வரைதான். மற்ற நிறுவனங்களின் கணக்கும் பெரும்பாலும் இதை ஒட்டியே இருக்கும். எனவே நம் ஊர்க் கோடையில் லேப்டாப் விசிறி சத்தம் போடுவதில் வியப்பில்லை.

ஆனால் எல்லாப் பழியையும் வெயிலின் மேல் போட்டுவிடக் கூடாது. நாலு செய்திப் பக்கங்களையும் ஒரு பாட வீடியோவையும் திறந்து வைத்ததற்கே லேப்டாப் மடியைச் சுடுகிறது என்றால், அதற்குக் கண்டுபிடிக்கக்கூடிய காரணம் உண்டு. மயூர் விகாரில் எங்கள் குடியிருப்பில் யார் வீட்டு லேப்டாப் சூடானாலும் என் மேசைக்கு வந்துவிடும். வருகிறவர்கள் பெரும்பாலும் ஏற்கெனவே லேப்டாப்புக்கு அடியில் வைக்கும் விசிறிப் பலகையான கூலிங் பேட் ஒன்றை வாங்கியிருப்பார்கள், அல்லது யாரோ சொன்னார்கள் என்று சிப்பின் சூட்டைக் கடத்தும் பசையான தெர்மல் பேஸ்ட்டை மாற்றப் பணம் கொடுத்திருப்பார்கள். கோளாறு எங்கே என்று தெரியாமல் செய்யும் செலவு இது.

திருகைத் தொடுவதற்கு முன் ஒரே ஒரு கேள்விக்கு விடை வேண்டும். சூடு அளவுக்கு மீறி உற்பத்தியாகிறதா, அல்லது அளவாக உற்பத்தியான சூடு வெளியேற வழியில்லாமல் உள்ளேயே நிற்கிறதா? முதலாவது மென்பொருள் சங்கதி. காசு செலவில்லாமல் தீரும். இரண்டாவது தூசி, விசிறி, பேஸ்ட் சங்கதி. இந்த வழிகாட்டி முழுவதும் இந்த ஒரு கேள்வியைப் பிடித்துக்கொண்டுதான் போகிறது.

எதையும் செய்வதற்கு முன்: பேட்டரியைப் பாருங்கள்

லேப்டாப்பை மூடி, சமதளமான மேசையில் வையுங்கள். நான்கு மூலைகளும் மேசையில் சரியாக உட்காருகின்றனவா? டச்பேட் மேலெழும்பி அழுத்தக் கடினமாக இருக்கிறதா? அடிப்பக்கத் தகடு நடுவில் புடைத்திருக்கிறதா? இவற்றில் ஏதாவது இருந்தால் பேட்டரி உப்பியிருக்கலாம். உடனே அணைத்து, சார்ஜரைக் கழற்றிவிடுங்கள். அதை அழுத்தவோ குத்தவோ கூடாது. கட்டிலிலோ திரைச்சீலை அருகிலோ வைக்கவும் கூடாது. லித்தியம் பேட்டரி தீப்பிடித்தால் வீட்டில் இருப்பவர்களால் அடக்குவது கடினம். பேட்டரியை மாற்றிய பிறகுதான் மற்றதெல்லாம்.

முதல் படி: இரண்டு எண்களை எழுதிக்கொள்ளுங்கள்

விண்டோஸ் என்றால் கன்ட்ரோல், ஷிஃப்ட், எஸ்கேப் மூன்றையும் சேர்த்து அழுத்துங்கள். டாஸ்க் மேனேஜர் வரும். அதில் சிபியு (கணினியின் மூளையான பிராசசர்) எத்தனை சதவீதம் வேலை செய்கிறது என்பது முதல் எண். பிராசசரின் வெப்பத்தை டாஸ்க் மேனேஜர் காட்டாது. அதற்கு எச்டபிள்யூஇன்ஃபோ என்ற இலவச மென்பொருளை அதன் சொந்தத் தளத்திலிருந்து இறக்கி, சென்சார்களை மட்டும் காட்டச் சொல்லித் திறக்க வேண்டும். இன்டெல் என்றால் சிபியு பேக்கேஜ் என்ற வரி, ஏஎம்டி என்றால் டிகன்ட்ரோல், டிடை என்று எழுதிய வரி. அதுதான் இரண்டாவது எண். மேக்கில் சிபியு சதவீதத்தை ஆக்டிவிட்டி மானிட்டர் காட்டும். உபுண்டுவில் டாப் என்ற கட்டளை சதவீதத்தையும், எல்எம் சென்சார்ஸ் என்ற தொகுப்பு வெப்பத்தையும் காட்டும்.

வழக்கமாகத் திறக்கும் பக்கங்களைத் திறந்து, பதினைந்து நிமிடம் வழக்கம்போல் படியுங்கள். பிறகு இரண்டு எண்களையும், அறையில் ஏசி ஓடுகிறதா, கூலரா, வெறும் மின்விசிறியா என்பதையும் ஒரு தாளில் எழுதிக்கொள்ளுங்கள். அறையின் நிலையை எழுதுவதற்குக் காரணம் உண்டு. லேப்டாப் விசிறி அறைக் காற்றைத்தான் உள்ளே இழுக்கிறது. அறை 25 டிகிரியில் இருக்கும்போது 65 காட்டும் பிராசசர், அதே வேலைக்கு 38 டிகிரி அறையில் கிட்டத்தட்ட 78 காட்டும். ஜனவரியில் எடுத்த எண்ணை ஜூன் எண்ணோடு ஒப்பிட்டுப் பயப்பட வேண்டாம்.

இனி எண்களைப் படிக்கும் முறை. சிபியு 60, 70 சதவீதம் என்று ஏறி நின்று, வெப்பமும் 85, 90 என்று இருந்தால் சூடு அதிகமாக உற்பத்தியாகிறது. இரண்டாம் படிக்குப் போங்கள். சிபியு 5 சதவீதத்திலேயே படுத்திருக்க, வெப்பம் மட்டும் 80-ஐத் தாண்டினால் சூடு வெளியேறவில்லை. தூசிப் பகுதி உங்களுக்கானது. பெரும்பாலான இன்டெல் லேப்டாப் பிராசசர்களின் உச்ச வரம்பு 100 டிகிரி. ஏஎம்டியில் மாடலைப் பொறுத்து 95 முதல் 105 வரை. அந்த வரம்பை நெருங்கியதும் பிராசசர் தன் வேகத்தைத் தானே குறைத்துக்கொள்ளும். பக்கத்தை உருட்டும்போது திரை விக்கி விக்கி நகர்வது அதனால்தான்.

இங்கே பலர் ஏமாறும் இடம் ஒன்று உண்டு. எட்டு த்ரெட் (ஒரே நேரத்தில் ஓடக்கூடிய வேலைத் தடங்கள்) கொண்ட பிராசசரில் ஒரே ஒரு டேப் வெறிபிடித்தாற்போல் ஓடினாலும் டாஸ்க் மேனேஜர் 12 அல்லது 13 சதவீதம் என்றுதான் காட்டும். எட்டில் ஒரு பங்கு அவ்வளவுதான். ஆனால் அந்த வேலையைச் செய்யும் ஒரு கோர் (பிராசசருக்குள் இருக்கும் தனி வேலைப் பகுதி) டர்போ என்ற உச்ச வேகத்தில் கொதித்துக்கொண்டிருக்கும். எனவே எண் சிறியது என்று விட்டுவிடாதீர்கள். எதுவும் செய்யாமல் இருக்கும்போதும் 12 சதவீதத்திலிருந்து இறங்காமல் நின்றால் யாரோ உள்ளே ஓடிக்கொண்டிருக்கிறார்கள் என்று பொருள்.

இரண்டாம் படி: பிரவுசருக்குள் யார் ஓடுகிறார்கள்?

குரோமிலும் எட்ஜிலும் ஷிஃப்ட், எஸ்கேப் இரண்டையும் அழுத்தினால் பிரவுசருக்கே உரிய டாஸ்க் மேனேஜர் திறக்கும். ஃபயர்ஃபாக்ஸில் மெனுவின் மோர் டூல்ஸ் பகுதிக்குள் அது இருக்கிறது. சிபியு என்ற தலைப்பின் மேல் சொடுக்கி, பெரிய எண் மேலே வரும்படி வரிசைப்படுத்துங்கள். ஒவ்வொரு டேபும், ஒவ்வொரு எக்ஸ்டென்ஷனும் (பிரவுசரோடு சேர்த்துக்கொள்ளும் சிறு நிரல்) தனித்தனி வரியாகத் தெரியும். குரோம் காட்டும் எண்ணில் 100 என்றால் ஒரு த்ரெட்டை முழுசாக விழுங்குகிறது என்று பொருள். ஒரு நிமிடமாவது பார்த்துக்கொண்டிருங்கள். குதித்துக் குதித்து இறங்கும் எண்களை விடுங்கள். இறங்காமல் நிற்கும் எண்தான் குற்றவாளி.

ராமகிருஷ்ணபுரத்தில் ஓய்வுபெற்ற மாமா ஒருவரின் லேப்டாப்பை இப்படித்தான் பார்த்தோம். மதர்போர்டு போய்விட்டது என்று ஒரு கடையில் சொல்லியிருந்தார்கள். எல்லா டேபையும் மூடிய பிறகும் ஒரு எக்ஸ்டென்ஷன் வரி 90-க்கும் 100-க்கும் இடையில் ஆடிக்கொண்டே இருந்தது. "மாமா, இது என்ன தெரியுமா?" என்று கேட்டேன். "பேரன் போட்டுக் கொடுத்தான், பொருள் வாங்கினால் தள்ளுபடி காட்டும் என்றான்" என்றார். அதை நீக்கினோம். இரண்டு நிமிடத்தில் விசிறிச் சத்தம் தணிந்து, அறையில் சுவர்க்கடிகாரத்தின் சத்தம் கேட்டது. மதர்போர்டுக்கு ஒன்றும் ஆகவில்லை.

எக்ஸ்டென்ஷன்மேல் சந்தேகம் இருந்தால் இன்காக்னிட்டோ சாளரத்தில் அதே பக்கங்களைத் திறந்து பாருங்கள். நீங்களாக அனுமதிக்காத வரை எக்ஸ்டென்ஷன்கள் அங்கே ஓடாது. அங்கே குளிர்ச்சி, இங்கே சூடு என்றால் விடை கிடைத்துவிட்டது. எல்லாவற்றையும் நிறுத்தி, ஒவ்வொன்றாக இயக்கிப் பாருங்கள். எது என்றைக்கு வந்தது என்றே நினைவில்லாத எக்ஸ்டென்ஷனை யோசிக்காமல் நீக்கிவிடுங்கள்.

டேப்தான் குற்றவாளி என்றால் பெரும்பாலும் அது தானாக ஓடும் வீடியோ விளம்பரங்கள் நிறைந்த செய்திப் பக்கமாக இருக்கும். கண்ணுக்குத் தெரியாத மூலையில் ஒரு விளம்பரம் ஓடினாலும் பிராசசருக்கு அது வேலைதான். பின்னால் கிடக்கும் டேபைக் குரோம் தானே ஓரளவு அடக்கி வைக்கும். ஒலி வந்துகொண்டிருக்கும் டேபை அடக்காது. நேரலையும் கிரிக்கெட் வர்ணனையும் பின்னால் இருந்தபடியே சூடேற்றும். குரோமில் செட்டிங்ஸ், பெர்ஃபார்மன்ஸ் பகுதிக்குப் போய் மெமரி சேவர், எனர்ஜி சேவர் இரண்டையும் இயக்குங்கள். எட்ஜில் இதே வேலையைச் செய்வது ஸ்லீப்பிங் டேப்ஸ். விளம்பரத் தடுப்பானும் பெரிய உதவி. ஃபயர்ஃபாக்ஸில் யூபிளாக் ஆரிஜின் முழுமையாக ஓடும். குரோமின் புதிய விதிகளுக்கு ஏற்ப வந்திருப்பது யூபிளாக் ஆரிஜின் லைட். உங்களுக்குப் பிடித்த சிறு தளங்கள் விளம்பரத்தில்தான் வாழ்கின்றன. அவற்றுக்கு மட்டும் விலக்குக் கொடுத்துவிடுங்கள்.

பார்ப்பவருக்குத் தெரியாமல் அவர் கணினியின் உழைப்பைத் திருடி கிரிப்டோ நாணயம் தோண்டும் பக்கங்களும் உண்டு. 2017-இல் வந்த காயின்ஹைவ் என்ற சேவை இதைப் பரவலாக்கியது. 2019 மார்ச்சில் அது மூடப்பட்டாலும் உத்தி மறையவில்லை. திருட்டுப் படத் தளங்களைத் திறந்ததும் விசிறி உச்சத்துக்குப் போனால் இதையும் நினைவில் வையுங்கள்.

வீடியோவில் மட்டும் சூடாகிறதா?

இதைத் தனியாகச் சொல்லக் காரணம் இருக்கிறது. பழைய ராஜேந்தர் நகரிலும் கரோல் பாக்கிலும் அறை எடுத்துக் குடிமைப் பணித் தேர்வுக்குப் படிக்கும் நம் பிள்ளைகள் நாள் முழுவதும் வகுப்பு வீடியோ பார்க்கிறார்கள். அறையில் ஏசி இருக்காது. லேப்டாப் அண்ணன் கொடுத்த பழையதாக இருக்கும்.

வீடியோவைப் பிரித்துக் காட்டும் வேலையைக் கிராபிக்ஸ் பகுதி (ஜிபியு) செய்தால் சூடு குறைவு. பிராசசரே செய்ய நேர்ந்தால் சூடு பல மடங்கு. யார் செய்கிறார்கள் என்று பார்ப்பது எளிது. வீடியோ ஓடும்போது விண்டோஸ் டாஸ்க் மேனேஜரில் பெர்ஃபார்மன்ஸ், பிறகு ஜிபியு என்று போங்கள். வீடியோ டிகோட் என்ற சிறு வரைபடம் அசைந்தால் நலம். தரையோடு தரையாகக் கிடந்து, சிபியு மட்டும் ஏறினால் பிராசசர் தனியாகச் சுமக்கிறது. அப்போது குரோம் செட்டிங்ஸில் சிஸ்டம் பகுதிக்குப் போய், கிராபிக்ஸ் ஆக்சிலரேஷன் என்று தொடங்கும் பொத்தானை இயக்கி, பிரவுசரை மூடித் திறக்க வேண்டும். கிராபிக்ஸ் டிரைவரையும் லேப்டாப் நிறுவனத்தின் தளத்திலிருந்து புதுப்பியுங்கள்.

அதற்கும் அடங்காவிட்டால் வீடியோவின் வடிவத்தைப் பாருங்கள். யூடியூப் வீடியோவின் மேல் வலது சொடுக்குப் போட்டு ஸ்டேட்ஸ் ஃபார் நெர்ட்ஸ் என்பதைத் தேர்ந்தெடுத்தால் கோடெக்ஸ் என்ற வரி வரும். ஏவி01 என்றிருந்தால் அது ஏவி1 வடிவம். இன்டெல்லில் 2020-இல் வந்த 11-ஆம் தலைமுறைப் பிராசசர்களிலிருந்துதான் அதை வன்பொருளிலேயே பிரிக்கும் வசதி இருக்கிறது. அதற்கு முந்தையவை மூச்சுத் திணறியே அதை ஓட்டும். யூடியூப் கணக்கின் பிளேபேக் அமைப்பில், குறைந்த தரத்துக்கு மட்டும் ஏவி1 என்ற தேர்வு இருக்கிறது, அதை வையுங்கள். எச்264 வடிவத்தையே கேட்டு வாங்கும் எக்ஸ்டென்ஷன்களும் உண்டு. பழைய கணினிகளும் பெரும்பாலும் அதை எளிதாகப் பிரிக்கும். இவை எதுவும் வேண்டாம் என்றால் தரத்தை 480-க்கு இறக்குங்கள். கரும்பலகையும் ஆசிரியர் முகமும் அதிலேயே தெளிவாகத் தெரியும்.

மூன்றாம் படி: பின்னணி வேலைகள்

பிரவுசரை மூடிய பிறகும் சூடு குறையவில்லையா? விண்டோஸ் டாஸ்க் மேனேஜரில் சிபியு வரிசையை மறுபடி பாருங்கள். அப்டேட், வைரஸ் சோதனை, ஒன்டிரைவ் ஒத்திசைவு, தேடல் அட்டவணை ஆகியவை வழக்கமான பெயர்கள். அவை ஓரிரு மணி நேரத்தில் முடிந்துவிடும்; முடிய விடுங்கள். இரண்டு வைரஸ் தடுப்பான்கள் இருந்தால் ஒன்றை நீக்குங்கள். குரோமை மூடிய பின்னும் பின்னணியில் ஓட விடும் பொத்தான் சிஸ்டம் பகுதியில் இருக்கிறது, அதையும் அணைத்துவிடுங்கள்.

நான்காம் படி: லேப்டாப் உட்காரும் இடம்

பல லேப்டாப்களுக்கு மூக்கு, அதாவது காற்றை இழுக்கும் துவாரம், அடிப்பக்கத்தில் இருக்கிறது. மெத்தையிலோ குளிர்காலப் பஞ்சுப் போர்வையான ரஜாயின் மேலோ வைத்தால் அது அடைபடும். சூடு மட்டுமா, ரஜாயின் பஞ்சிழையும் உள்ளே போகும். பின்பக்கத்தை இரண்டு விரற்கடை உயர்த்தி, மரப்பலகையிலோ மேசையிலோ வையுங்கள். கூலிங் பேட் வாங்குவதற்கு முன் இப்படி உயர்த்தி, எண்ணைப் பாருங்கள். உயர்த்தியதில் வெப்பம் இறங்கினால் பேடும் ஓரளவு உதவும். அசையவே இல்லை என்றால் அந்தப் பணத்தை மிச்சப்படுத்துங்கள்.

கூலர் பற்றி ஒரு வார்த்தை. மே மாதத்தின் வறண்ட காற்றில் கூலர் அறையை நன்றாகக் குளிர்விக்கும். லேப்டாப்புக்கும் அது நல்லது. ஆனால் காற்று நேராக லேப்டாப்பின் மேல் விழும்படி உட்காராதீர்கள். கூலர் சில நேரம் நீர்த்துளியையும் தெளிக்கும்; நம் உப்புத் தண்ணீர் சர்க்கியூட்டில் காய்ந்தால் வெள்ளைப் படிவும் அரிப்பும் மிஞ்சும். மழை தொடங்கி ஜூலையில் காற்று ஈரமானதும் கூலரால் லேப்டாப்புக்கு ஒரு நன்மையும் இல்லை.

வெயில் உச்சத்தில் இருக்கும் மதிய நேரத்தில், சார்ஜ் ஏறும்போதே வீடியோவும் பார்ப்பதைத் தவிர்த்தால் பேட்டரியின் ஆயுள் நீளும். உங்கள் லேப்டாப்பில் சார்ஜை 80 சதவீதத்தில் நிறுத்தும் வசதி இருந்தால் கோடை முழுவதும் அதை இயக்கி வையுங்கள்.

ஐந்தாம் படி: டர்போவை அடக்குதல்

இணையத்தில் படிப்பதற்கு டர்போ வேகம் தேவையே இல்லை. கன்ட்ரோல் பேனலில் பவர் ஆப்ஷன்ஸ், அதன் அட்வான்ஸ்டு செட்டிங்ஸ், பிராசசர் பவர் மேனேஜ்மென்ட், மேக்சிமம் பிராசசர் ஸ்டேட். அங்கே 100 என்பதை 99 ஆக மாற்றினால் பெரும்பாலான லேப்டாப்களில் டர்போ நின்றுவிடும். ஒரே ஓர் எண்ணைக் குறைத்ததற்கு வெப்பம் பத்து, பதினைந்து டிகிரி இறங்குவதைப் பலமுறை பார்த்திருக்கிறேன். கோடையில் ஏசி இல்லாத அறையில் இருப்பவர்களுக்கு நான் முதலில் செய்து கொடுப்பது இதைத்தான். அந்த வரி உங்கள் லேப்டாப்பில் தெரியாவிட்டால், செட்டிங்ஸில் பவர் மோடைச் சிக்கன நிலைக்கு மாற்றுங்கள்.

ஆறாம் படி: தூசி

டெல்லியில் மே மாதப் புழுதிப் புயலான ஆந்தி ஒரே மாலையில் சன்னல் விளிம்பில் விரல் வைத்து எழுதும் அளவுக்குத் தூசி கொட்டிவிட்டுப் போகும். எங்கு பார்த்தாலும் கட்டட வேலை. லேப்டாப் விசிறி அந்தக் காற்றைத்தான் நாள் முழுவதும் இழுக்கிறது.

முதலில் திறக்காமலே ஒரு சோதனை. மெல்லிய டிஷ்யூத் தாளில் ஒரு நாடாவைக் கிழித்து, சூடான காற்று வெளியேறும் துவாரத்தின் முன் பிடியுங்கள். விசிறி உச்சத்தில் கத்தும்போதும் நாடா லேசாகத்தான் ஆடுகிறது என்றால் வழி அடைபட்டிருக்கிறது. கரகரவென்று உரசும் சத்தம் வந்தால் விசிறியே தேய்ந்துவிட்டது, மாற்ற வேண்டியதுதான். விசிறிச் சத்தமே வராவிட்டால் மாடலைச் சரிபாருங்கள். 2020-இல் எம்1 சிப்போடு வந்த மேக்புக் ஏர் முதல் அந்த வரிசையில் விசிறியே கிடையாது.

வாரன்ட்டி இருக்கிறதா என்று பார்த்து, இருந்தால் சேவை மையத்துக்கே கொடுங்கள். இல்லையென்றால் நீங்களே திறக்கலாம். ஷிஃப்டை அழுத்திக்கொண்டு ஷட் டவுன் கொடுத்தால் விண்டோஸ் முழுமையாக அணையும். சார்ஜரைக் கழற்றுங்கள். அடிப்பக்கத் திருகுகள் ஒரே நீளமாக இருக்காது. தாளில் லேப்டாப்பின் அடிப்பக்கத்தை வரைந்து, கழற்றிய திருகை அதே இடத்தில் வையுங்கள். குட்டைத் திருகின் குழியில் நெட்டைத் திருகை முடுக்கினால் மேல்பக்கம் துளைபடும். பழைய பிளாஸ்டிக் அட்டையால் ஓரங்களை நெம்பித் தகட்டை எடுங்கள். வேறு எதையும் தொடுவதற்கு முன் பேட்டரி இணைப்பைக் கழற்றுங்கள்.

விசிறிக்கும், மெல்லிய உலோகத் தகடுகள் அடுக்கிய ஹீட் சிங்குக்கும் இடையே உள்ள சந்துதான் முக்கியம். விசிறி இறக்கையில் தெரியும் தூசியைத் துடைத்துவிட்டுப் பலர் மூடிவிடுகிறார்கள். ராஜேந்தர் நகர்ப் பையன் ஒருவனின் லேப்டாப்பில் விசிறி பார்க்கச் சுத்தமாகவே இருந்தது. விசிறியைக் கழற்றியதும் அந்தச் சந்தில் தூசியும் பஞ்சிழையும் தலைமுடியும் சேர்ந்து கம்பளித் துண்டு போலப் படிந்திருந்தது. சாமணத்தால் பிடித்து இழுத்தபோது கிழியாமல் ஒரே பட்டையாக வந்தது. அதன் பின்னால் காற்று போக ஒரு துளைகூட இருந்திருக்காது.

பட்டையை எடுத்த பிறகு, மிச்சத்தை மென்மையான தூரிகையாலும் புளோயராலும் அகற்றுங்கள். காற்று அடிக்கும்போது விசிறி சுழலாமல் பல்குத்தியால் தடுத்துப் பிடிக்க வேண்டும். வெளிக்காற்றில் கட்டுக்கடங்காமல் சுழன்றால் விசிறி கெட்டுப்போகும். விட்டு விட்டு அடியுங்கள். வீட்டு வாக்குவம் கிளீனர் வேண்டாம், அதன் நிலைமின்சாரம் சிப்பைத் தாக்கலாம். இந்த வேலையைப் பால்கனியில் செய்தால் தூசி வீட்டுக்குள் பறக்காது. ஹோலி முடிந்ததும் ஒருமுறை, தீபாவளிக்கு வீடு ஒட்டடை அடிக்கும்போது இன்னொருமுறை என்று வைத்துக்கொண்டால் இந்த ஊருக்குப் போதும்.

ஏழாம் படி: தெர்மல் பேஸ்ட், நேரு பிளேஸ்

தூசி எடுத்தாயிற்று, விசிறி நன்றாக ஓடுகிறது, சிபியு சும்மா இருக்கிறது, ஆனாலும் வெப்பம் 80-இல் நிற்கிறது. இப்போதுதான் பேஸ்ட்டின் முறை. பிராசசருக்கும் செம்புக் குழாய்த் தகட்டுக்கும் இடையே உள்ள அந்தப் பசை சில ஆண்டுகளில் காய்ந்து பொடியாகும். கைப்பழக்கம் இருந்தால் ஐசோபுரொப்பைல் ஆல்கஹாலால் பழையதைத் துடைத்து, சிப் முழுவதும் மூடும்படி மெல்லிதாகப் பூசி, தகட்டில் பொறித்திருக்கும் எண் வரிசையில் திருகுகளைச் சிறிது சிறிதாக முடுக்குங்கள். பக்கத்துச் சிப்களின் மேல் இருக்கும் மெத்தென்ற தெர்மல் பேடுகளைக் கிழிக்காமல் அதே இடத்தில் வைக்க வேண்டும்.

பழக்கம் இல்லாதவர்கள் மெட்ரோ வயலட் வழித்தடத்தில், கணினிக் கடைகள் நிறைந்த நேரு பிளேஸுக்குப் போகலாம். ஞாயிற்றுக்கிழமை பெரும்பாலான கடைகள் மூடியிருக்கும். படிக்கட்டிலேயே கையைப் பிடித்து இழுப்பவர்களைத் தாண்டி, இரண்டு மூன்று கடைகளில் விலை கேளுங்கள். "லேப்டாப் சூடாகிறது" என்று மட்டும் சொல்லாதீர்கள். தாளில் எழுதிய எண்களைக் காட்டி, "சிபியு 5 சதவீதம், வெப்பம் 84, உள்ளே தூசி எடுத்தாயிற்று, பேஸ்ட் மட்டும் மாற்ற வேண்டும்" என்று சொல்லுங்கள். அப்படிக் கேட்பவரிடம் மதர்போர்டு கதை சொல்ல யாரும் துணிய மாட்டார்கள். உங்கள் கண் முன்னால் திறக்கச் சொல்லுங்கள். உள்ளே வாங்கிக்கொண்டு போய் மாலை வரச் சொல்லும் கடை வேண்டாம். வேலை முடிந்ததும் பணம் கொடுப்பதற்கு முன், வீட்டில் ஓட்டிய அதே வீடியோவை அங்கேயே பதினைந்து நிமிடம் ஓட்டுங்கள். கடையில் ஏசி இருந்தால் அதையும் கணக்கில் எடுத்துக்கொண்டு, புதிய எண்ணைப் பழைய எண்ணுக்குப் பக்கத்தில் எழுதுங்கள். இறங்கவில்லை என்றால் தகட்டைக் கழற்றி, பேஸ்ட் சிப் முழுவதும் பரவியிருக்கிறதா என்று உங்களுக்குக் காட்டச் சொல்லுங்கள்.